இணையத்தில் மருத்துவக் காப்பீடு: முதல் திரையில் தெரியும் விலை இறுதி விலை அல்ல

பெங்களூரு: வயது, குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கை, அஞ்சல் குறியீட்டு எண், கைபேசி எண் ஆகியவற்றை உள்ளிட்டால் போதும். பல நிறுவனங்களின் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் விலையுடன் ஒரே திரையில் வரிசையாகத் தோன்றுகின்றன. முகவரைத் தேடி அலைய வேண்டியதில்லை, வங்கிக் கிளைக்கும் செல்ல வேண்டியதில்லை. பணிபுரியும் நிறுவனத்தின் தயவில்லாமல், சொந்தப் பணத்தில் பாலிசி வாங்கும் தனிநபர்களுக்கு இணையக் காப்பீட்டுச் சந்தைகள் அளித்திருக்கும் வசதி இது.

ஆனால், அந்தத் திரையில் தெரியும் விலை இறுதியானது அல்ல. மருத்துவமனையில் சேரும் நாளில் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதையும் அது சொல்வதில்லை. இவ்விரண்டையும் தீர்மானிப்பவை அடுத்தடுத்த பக்கங்களில் வரும் உடல்நலக் கேள்விகளும், பாலிசி ஆவணத்தில் உள்ள நிபந்தனைகளுமே. விலைப் பட்டியலில் காட்டும் கவனத்தை இந்த இரண்டிலும் காட்டத் தவறுபவர், பிரீமியத்தில் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தி, சிகிச்சைச் செலவில் லட்சங்களை இழக்க நேரிடலாம்.

ஒரே சாலை, இரு வகைப் பாதுகாப்பு

இந்தச் சிக்கல் யாரைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பெங்களூருவின் தென்கிழக்கில் உள்ள பொம்மனஹள்ளி பொருத்தமான இடம். தமிழ்நாட்டை நோக்கிச் செல்லும் ஓசூர் சாலையில் அமைந்துள்ள இப்பகுதியில் ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அதை ஒட்டியுள்ள எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் புத்தொழில் நிறுவனங்களும் இயங்குகின்றன. இணையவழியில் பாலிசி விற்கும் ஆக்கோ, டிஜிட், நவி ஆகிய காப்பீட்டு நிறுவனங்களும், தரகு உரிமம் பெற்ற துணை நிறுவனம் மூலம் காப்பீடு விற்கும் போன்பேவும் பெங்களூருவில் இருந்தே செயல்படுகின்றன.

ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குத் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. பாதுகாப்பு உண்டு. இத்திட்டத்திற்கான மாத ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளி ஊதியத்தில் 0.75 சதவீதமும், முதலாளி 3.25 சதவீதமும் பங்களிப்பாகச் செலுத்துகின்றனர். ஏற்கெனவே உள்ள நோய்க்குச் சிகிச்சை இல்லை என்ற நிபந்தனை இதில் கிடையாது. தொழிலாளியின் வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் சிகிச்சை பெறலாம்.

எதிர்ப்புறத்தில் உள்ள மென்பொருள் நிறுவன ஊழியர்களுக்கு, நிறுவனமே பிரீமியம் செலுத்தும் குழுக் காப்பீடு கிடைக்கிறது. பணியில் இருக்கும்வரை இரு தரப்பினருக்கும் இணையச் சந்தையின் தேவை குறைவு. பணியை விட்டு விலகும்போதுதான் வேறுபாடு தெரிகிறது.

குழுக் காப்பீட்டில் உள்ள ஊழியர், விலகும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வாய்ப்பைக் கோரலாம். நிறுவனம் அவரது உடல்நிலையை மதிப்பிட முடியும் என்றாலும், குழுக் காப்பீட்டில் அவர் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். இ.எஸ்.ஐ. திட்டமோ காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பின் வரம்பிற்குள் வராத சமூகப் பாதுகாப்புத் திட்டம். வேலையை விட்ட சில மாதங்களில் அதன் பாதுகாப்பு முடிவுக்கு வருகிறது. அதில் பத்து ஆண்டுகள் பங்களித்திருந்தாலும், தனியார் பாலிசி வாங்கும்போது அவர் புதிய வாடிக்கையாளராகவே கருதப்படுவார்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தைக் கருதுவோம். 38 வயதான மனைவி தொழிற்சாலை வேலையை விட்டு வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். 44 வயதான கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். இரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்கிறார். பள்ளி செல்லும் இரு பிள்ளைகள் உள்ளனர். மனைவியின் இ.எஸ்.ஐ. முடிவடையும் நிலையில், கணவர் கைபேசியில் குடும்பத்திற்கு ஒரு பாலிசி தேடுகிறார். இணையச் சந்தை அவருக்கு எவ்வாறு செயல்படுகிறது?

விலை எங்கிருந்து வருகிறது?

முதல் திரையில் காட்டப்படுவது, குடும்பத்தில் அனைவரும் நலமாக உள்ளனர் என்ற அனுமானத்தில் அமைந்த விலை. குடும்பம் முழுவதற்கும் ஒரே காப்பீட்டுத் தொகை கொண்ட பாலிசியில், மூத்த உறுப்பினரின் வயதே பிரீமியத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. மருத்துவச் செலவு கூடுதலாக உள்ள பெருநகரங்களுக்குத் தனி மண்டலம் வகுத்துக் கூடுதல் பிரீமியம் வசூலிக்கும் நிறுவனங்களும் உண்டு.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்திற்கு விதிக்கப்பட்டுவந்த 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் முழுமையாக நீக்கப்பட்டது. பிரீமியத் தொகைக்கு மேல் வரி சேர்க்கப்படும் நிலை இதனால் மாறியுள்ளது. அதேவேளையில், தங்கள் செலவினங்களுக்குச் செலுத்திய வரியை ஈடுசெய்துகொள்ளும் வாய்ப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் இழந்துள்ளன.

விலையைக் குறைப்பதாகக் கூறி, தனது தரகுத் தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாக யாரேனும் வாக்களித்தால் அது சட்டவிரோதமானது. காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது. மீறுவோருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். காப்பீட்டு நிறுவனமே தனது கட்டண அட்டவணையில் முறைப்படி குறிப்பிட்டிருக்கும் தள்ளுபடிகள் மட்டுமே செல்லும்.

தளம் யாருக்காகப் பணியாற்றுகிறது?

பயனருக்கு ஒரே மாதிரியாகத் தோன்றும் இணையதளங்கள், சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. சில, காப்பீட்டு நிறுவனங்கள் நேரடியாக நடத்துபவை. சில, நிறுவனத்தின் சார்பில் விற்கும் முகவர்களுடையவை. சில, பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையத் தொகுப்பாளர்கள். மற்றவை தரகு நிறுவனங்கள். முகவர், காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி. தரகரோ சட்டப்படி வாடிக்கையாளரின் பிரதிநிதி. எனினும், இருவருக்கும் ஊதியம் வருவது பாலிசியை வழங்கும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டிற்கான தரகுத் தொகைக்கு முன்பு 15 சதவீத உச்சவரம்பு இருந்தது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ, 2023-இல் அந்த வரம்பை நீக்கியது. அதற்குப் பதிலாக நிறுவனத்தின் ஒட்டுமொத்த நிர்வாகச் செலவுக்கு வரம்பு விதித்தது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மொத்த பிரீமியத்தில் 30 சதவீதம் வரையும், மருத்துவக் காப்பீட்டை மட்டும் விற்கும் நிறுவனங்கள் 35 சதவீதம் வரையும் செலவிடலாம். இந்த வரம்பிற்குள் எந்த விற்பனையாளருக்கு எவ்வளவு தருவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. எனவே, பட்டியலில் முதலில் வரும் பாலிசி ஏன் முதலில் வருகிறது என்ற கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டு விதிமுறைகள், இணையத் தொகுப்பாளர்கள் பாலிசிகளுக்குத் தரவரிசையோ மதிப்பீடோ வழங்குவதைத் தடை செய்திருந்தன. 2008-இல் தொடங்கப்பட்ட பாலிசிபஜார் நிறுவனம், தொகுப்பாளராக இருந்து 2021-இல் தரகு உரிமம் பெற்றது. அது தொகுப்பாளராக இருந்தபோது 2020 ஜூனில் ஐஆர்டிஏஐ ஆய்வு நடத்தியது. அந்த ஆய்வின் அடிப்படையில் 2025 ஆகஸ்டில் 5 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. குறிப்பிட்ட சில பாலிசிகளை மட்டும் சிறந்தவை என முன்னிறுத்தியது கண்டறியப்பட்ட விதிமீறல்களுள் ஒன்று. அது முதலீட்டுடன் இணைந்த யூலிப் பாலிசிகள் தொடர்பானது என்றாலும், வரிசையமைப்பு நடுநிலையானது என்று வாடிக்கையாளர் தாமாகவே கருதிக்கொள்ள முடியாது என்பதை அந்த உத்தரவு காட்டியது.

அவசரப்படுத்தும் உத்திகளும் சட்டத்தின் பார்வைக்கு வந்துள்ளன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. பொய்யான அவசரத்தைத் தூண்டுவது, கேட்காத சேவையைக் கட்டணத்தில் சேர்ப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். மறுப்பவரை வெட்கப்படுத்தும் உத்திக்கு அந்த வழிகாட்டுதல் தரும் எடுத்துக்காட்டே காப்பீடு பற்றியதுதான். விமானப் பயணச்சீட்டுடன் காப்பீடு சேர்க்காதவருக்கு, 'நான் பாதுகாப்பின்றி இருக்கிறேன்' என்ற பொருள்படும் வாசகத்தைக் காட்டுவதை அது சுட்டுகிறது.

ஓடிபி என்பது கையெழுத்து

விலையைத் தேர்ந்தெடுத்த பிறகு வருவது உடல்நல வினாப்பட்டியல். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய், அறுவை சிகிச்சை, தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள், புகைப்பழக்கம் என ஒவ்வோர் உறுப்பினரைப் பற்றியும் கேள்விகள் இருக்கும். பல நேரங்களில் தொலைபேசியில் அழைக்கும் விற்பனைப் பிரதிநிதியே இப்பகுதியை நிரப்பித் தர முன்வருகிறார். இறுதியில் கைபேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபி வருகிறது. அதைச் சொன்னதும் படிவம் முற்றுப்பெறுகிறது.

அந்த ஓடிபி சாதாரணச் சரிபார்ப்பு எண் அல்ல. படிவத்தில் உள்ள அனைத்தும் உண்மை என வாடிக்கையாளர் இட்ட கையெழுத்துக்கு அது சமம். படிவத்தை நிரப்பியவர் யாராக இருந்தாலும், அதன் விளைவைச் சந்திப்பவர் பாலிசிதாரரே.

மேற்கண்ட ஓட்டுநர் தமக்கு நீரிழிவு இருப்பதைத் தெரிவித்தால் காப்பீட்டு நிறுவனத்தின் முன் சில வழிகள் உள்ளன. அதே விலையில் ஏற்கலாம். கூடுதல் பிரீமியம் கேட்கலாம். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம். காரணத்தைத் தெரிவித்து மறுக்கவும் செய்யலாம். ஏற்றுக்கொண்டால், முன்பே இருக்கும் நோய் தொடர்பான சிகிச்சைக்கு அதிகபட்சம் 36 மாதங்கள் காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன் இந்த உச்சவரம்பு 48 மாதங்களாக இருந்தது.

அவர் தெரிவிக்காவிட்டால், முதல் திரையில் கண்ட குறைந்த விலையிலேயே பாலிசி கிடைத்துவிடும். பட்டியலில் அது இலாபமாகத் தெரியும். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து இதய அடைப்புடன் மருத்துவமனையில் சேரும்போது, நோயாளியின் பழைய மருத்துவக் குறிப்புகளை நிறுவனம் கேட்கும். மருத்துவர் எழுதும் சேர்க்கைக் குறிப்பிலேயே எத்தனை ஆண்டுகளாக நீரிழிவு உள்ளது என்பது பதிவாகிவிடும். உண்மையை மறைத்ததாகக் கூறிக் கோரிக்கை மறுக்கப்படலாம். பாலிசியே இரத்து செய்யப்படும் அபாயமும் உண்டு. அப்போது மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகும்.

நீதிமன்றங்களின் நிலைப்பாடும் இதை ஒட்டியே உள்ளது. நீண்டகால நீரிழிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் தெரிவிக்காமல் பாலிசி எடுத்தவர் தொடர்பான வழக்கில், கோரிக்கையை மறுத்தது சரியே என உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. எந்தத் தகவல் முக்கியமானது என்பதை விண்ணப்பதாரர் தாமே முடிவு செய்துகொள்ள முடியாது என்பது அதன் சாரம். மறுபுறம், நீரிழிவு இருப்பதை வெளிப்படையாகத் தெரிவித்துப் பயணக் காப்பீடு எடுத்தவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு ஏற்பட்ட வழக்கில், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பாலிசிதாரருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. உடல்நிலையை அறிந்து, மதிப்பிட்டு, பாலிசி வழங்கிய பிறகு அதே நோயைக் காரணம் காட்டி நிறுவனம் பின்வாங்க முடியாது என்று அத்தீர்ப்பு கூறியது. இரு வழக்குகளிலும் நோய் ஒன்றே. படிவத்தில் எழுதப்பட்டதே முடிவை மாற்றியது.

பாலிசிதாரருக்குச் சாதகமான ஒரு விதியும் உண்டு. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தால், அதன் பிறகு தகவல் மறைப்பைக் காரணம் காட்டி நிறுவனம் கோரிக்கையை மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு. இந்தக் காலம் முன்பு 8 ஆண்டுகளாக இருந்து, 2024-இல் 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

மறுப்பை விடப் பெரியது வெட்டு

கோரிக்கை முழுமையாக நிராகரிக்கப்படுவதே பெரிய ஆபத்து எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஐஆர்டிஏஐ ஆண்டறிக்கையின் புள்ளிவிவரம் வேறொன்றைக் காட்டுகிறது. குழுக் காப்பீடு உட்பட அனைத்து வகை மருத்துவக் காப்பீட்டிலும் 2023-24 நிதியாண்டில் நிறுவனங்களின் முன் இருந்த கோரிக்கைகளின் மொத்த மதிப்பு சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். அதில் 83,493 கோடி ரூபாய், அதாவது 71.3 சதவீதம் வழங்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டவை 10,937 கோடி ரூபாய். பாலிசி நிபந்தனைகளின்படி அனுமதிக்கப்படாத தொகையோ சுமார் 15,100 கோடி ரூபாய், அதாவது 12.9 சதவீதம்.

நிராகரிப்பை விட, அனுமதிக்கப்படாத தொகையே கூடுதல் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஒப்பீட்டுப் பட்டியலில் சிறிய எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள் சிகிச்சை முடிந்த பின்னர் பணமாக உருவெடுப்பது இப்படித்தான்.

அறை வாடகை வரம்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 5 லட்சம் ரூபாய் பாலிசியில் நாள் வாடகைக்கு 1 சதவீத வரம்பு, அதாவது 5,000 ரூபாய் உள்ளது எனக் கொள்வோம். நோயாளி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அறையில் 4 நாட்கள் தங்குகிறார். வாடகை 40,000 ரூபாயில் பாதி மட்டுமே கிடைக்கும். இழப்பு அத்துடன் நிற்பதில்லை. அறையின் தரத்தை ஒட்டி உயரும் அறுவை சிகிச்சைக் கட்டணம், மருத்துவர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம். இவை 1,60,000 ரூபாய் என்றால் 80,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். மருந்து, உடலில் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்த விகிதக் குறைப்பு பொருந்தாது என விதி உள்ளது. அவற்றுக்கான 60,000 ரூபாய் முழுமையாகக் கிடைக்கும். மொத்தம் 2,60,000 ரூபாய் செலவில் நோயாளியின் கையிலிருந்து போவது 1,00,000 ரூபாய். காப்பீட்டுத் தொகை 5 லட்சம் இருந்தும் இதுவே நிலை.

சிகிச்சைச் செலவில் குறிப்பிட்ட சதவீதத்தைப் பாலிசிதாரரே ஏற்கும் இணைக் கட்டணம், கண்புரை போன்ற சிகிச்சைகளுக்கான தனி உச்சவரம்பு, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கான காத்திருப்புக் காலம் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. விபத்து தவிர்த்த சிகிச்சைகளுக்கு முதல் 30 நாட்கள் பாதுகாப்பு இல்லை என்பதும் பொதுவான நிபந்தனை. இ.எஸ்.ஐ. முடிந்த பிறகு பாலிசி தேடத் தொடங்குபவர், இந்த 30 நாட்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒப்பீடு எப்போது உண்மையாகிறது?

ஒரே மாதிரியான பொருட்களை ஒப்பிடும்போதுதான் விலைப் பட்டியல் பயன் தரும். அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-இல் தொடங்கப்பட்ட அரசின் காப்பீட்டுச் சந்தை இந்த அடிப்படையில் அமைந்தது. அங்கு முன்பே இருக்கும் நோயைக் காரணம் காட்டி விண்ணப்பத்தை மறுக்கவோ, கூடுதல் பிரீமியம் கேட்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. வயது, வசிப்பிடம், புகைப்பழக்கம், குடும்ப அளவு, திட்டத்தின் வகை ஆகியவை மட்டுமே விலையைத் தீர்மானிக்கின்றன. திட்டங்களும் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என வகைப்படுத்தப்பட்டுள்ளன. எனவே, திரையில் தெரியும் விலையே ஏறத்தாழ இறுதி விலை. இதற்கு மாற்றாக, குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்ற கட்டுப்பாடு அங்குள்ளது. நோய் வந்த பின்னர் காப்பீடு தேடுவதைத் தடுப்பது அதன் நோக்கம்.

இந்தியாவில் ஆண்டின் எந்த நாளிலும் பாலிசி வாங்கலாம். ஆனால், நிறுவனம் மறுக்கவும் முடியும். பாலிசிகளின் நிபந்தனைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகின்றன. இதற்கு விதிவிலக்காக அமைந்தது 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் இதன் நிபந்தனைகள் ஒன்றே. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இணைக் கட்டணம் 5 சதவீதம். நிறுவனங்களுக்கிடையே மாறுபடுவது விலையும் சேவையும் மட்டுமே.

இது எல்லோருக்கும் போதுமான பாலிசி என்று கூற முடியாது. பெருநகரத் தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்திற்கு முன் இந்த வரம்புகள் குறைவு. எனினும், முதன்முறையாக வாங்குபவருக்கு இது நல்ல அளவுகோல். வேறொரு பாலிசி இதைவிடக் குறைந்த விலையில் கிடைத்தால், எந்த நிபந்தனையில் பாதுகாப்பு குறைக்கப்பட்டுள்ளது என்று கேட்கலாம். கூடுதல் விலை என்றால், அந்தக் கூடுதல் பணத்திற்கு எந்த வரம்பு நீக்கப்பட்டுள்ளது என்று கேட்கலாம்.

வாங்கும் முன்னும் பின்னும்

2024 மே 29-இல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையும், அதே ஆண்டின் பிற விதிமுறைகளும் தனிநபர் வாடிக்கையாளருக்குப் பல உரிமைகளை அளித்துள்ளன. இணையத்தில் வாங்குவோர் பயன்படுத்தக்கூடியவை பின்வருமாறு:

* பாலிசியின் முக்கிய அம்சங்கள், விலக்குகள், காத்திருப்புக் காலம் ஆகியவற்றை எளிய முறையில் தொகுத்துத் தரும் வாடிக்கையாளர் தகவல் தாளை நிறுவனம் வழங்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அது உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும்.

* பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பி அளிக்கலாம். கடந்த நாட்களுக்கான பிரீமியம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவை போக மீதித் தொகை திரும்பக் கிடைக்கும். பாலிசியுடன் வரும் விண்ணப்பப் படிவ நகலை இந்த 30 நாட்களுக்குள் படித்து, பிழை இருந்தால் எழுத்துமூலம் திருத்தச் சொல்வது மிக முக்கியம்.

* 2025 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த பீமா-ஆஸ்பா வசதியில், விண்ணப்பத்தை நிறுவனம் ஏற்கும்வரை பிரீமியத் தொகை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலேயே யுபிஐ மூலம் நிறுத்திவைக்கப்படும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் மட்டுமே பணம் எடுக்கப்படும். உடல்நிலை காரணமாக மறுக்கப்படும் வாய்ப்புள்ளவர்களுக்கு இது பயனுள்ளது.

* ரொக்கமில்லா சிகிச்சைக்கான அனுமதி குறித்து ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதல் குறித்து மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும்.

* கோரிக்கை மீளாய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையும் மறுக்கப்படக் கூடாது. மறுக்கும்போது, பாலிசியின் எந்த நிபந்தனை காரணம் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

* நிறுவனத்தின் சேவை பிடிக்கவில்லை என்றால், புதுப்பிக்கும் வேளையில் வேறு நிறுவனத்திற்கு மாறலாம். அதுவரை கழித்த காத்திருப்புக் காலம், பழைய காப்பீட்டுத் தொகையின் அளவுக்குச் செல்லுபடியாகும்.

இவற்றையும் மீறிப் பிரச்சினை எழுந்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். பீமா பரோசா இணையதளத்திலும், 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கர்நாடகத்திற்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம், பொம்மனஹள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஜே.பி. நகர் முதல் ஃபேஸில் உள்ள ஜீவன் சௌதா கட்டடத்தில் இயங்குகிறது. இதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, தரகு நிறுவனங்களின் குறைபாடுகளும் அவரது வரம்பிற்குள் வந்துள்ளன. இணையச் சந்தையில் வாங்கியவர்களுக்கு இந்தத் திருத்தம் குறிப்பிடத்தக்கது.

விற்பனைப் பிரதிநிதியிடம் நோயைத் தெரிவித்தும் அவர் படிவத்தில் பதியவில்லை என்பது போன்ற தகராறுகளில் சான்றே முடிவைத் தீர்மானிக்கும். எனவே, தொலைபேசியில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ எழுதி அனுப்பி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

பீமா சுகம் எதை மாற்றும்?

அனைத்து நிறுவனங்களின் பாலிசிகளையும் ஒரே இடத்தில் வாங்க, புதுப்பிக்க, கோரிக்கை அளிக்க வழிசெய்யும் பொதுத் தளமாக பீமா சுகம் திட்டமிடப்பட்டுள்ளது. இதற்கான விதிமுறைகளை ஐஆர்டிஏஐ 2024 மார்ச்சில் வெளியிட்டது. இலாப நோக்கமற்ற நிறுவனமாக பீமா சுகம் இந்தியா கூட்டமைப்பு அதே ஆண்டு ஜூனில் பதிவு செய்யப்பட்டது. 2025 செப்டம்பரில் அதன் இணையதளம் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்டது. பாலிசி விற்பனை படிப்படியாகச் சேர்க்கப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது. எந்த ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலும் இத்தளம் இருக்கக் கூடாது என்பதும், வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பதும் விதிகள்.

வரிசையில் முதலில் வருவதற்குப் பின்னால் தரகுத் தொகை இருக்கிறதா என்ற ஐயத்தை இத்தகைய பொதுத் தளம் குறைக்கக்கூடும். ஆனால், உடல்நலக் கேள்விகளுக்கு முன் ஒரு விலை, பின் ஒரு விலை என்ற நிலையை அது தானாக மாற்றிவிடாது. விண்ணப்பத்தை ஏற்பதும் மறுப்பதும் காப்பீட்டு நிறுவனங்களின் கையிலேயே தொடரும். உடல்நலக் கேள்விகளை முதலில் கேட்டு, அதன் பிறகே விலையைக் காட்டும் வகையில் தளம் அமைக்கப்பட்டால், உண்மையைச் சொல்பவருக்கும் மறைப்பவருக்கும் இடையே இன்று முதல் திரையில் தெரியாத வேறுபாடு அங்கேயே வெளிப்படும்.

அதுவரை, பொம்மனஹள்ளி ஓட்டுநரைப் போன்றவர்கள் முடிவெடுக்க வேண்டியது இரண்டு பாலிசிகளுக்கு இடையே அல்ல. நோயைத் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் செலுத்தி மூன்று ஆண்டுகள் காத்திருப்பதா, மறைத்துக் குறைந்த விலையில் வாங்கி ஐந்து ஆண்டுகள் அச்சத்துடன் இருப்பதா என்பதே அவர்கள் முன் உள்ள தேர்வு. முதல் வழியில் செலவு என்ன என்பது வாங்கும் நாளிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது வழியின் செலவு மருத்துவமனையில்தான் தெரியவரும்.